பாணுக்குள் வைக்கும் சலாமியும் பெருங்குடற் புற்றுநோயும்

லைப்சிக் நகரில் அதிகாலை வேலைக்கு விரையும் நம்மவர் பலருக்குப் பாணும் சலாமியுமே காலை உணவாகிவிட்டன. பிள்ளைகளின் பாடசாலைப் பையிலும் அதுவே இருக்கிறது. இப்பழக்கத்தை நாம் சற்றுச் சிந்தித்தல் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், சொசேஜ், ஹாம், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சிகள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவன என 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. நாளாந்தம் உண்ணும் ஒவ்வொரு 50 கிராமுக்கும் பெருங்குடற் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 18 வீதத்தால் உயர்கிறது. இறைச்சி கெடாதிருக்கச் சேர்க்கப்படும் நைத்திரைற்று உப்பு, குடலில் தீய சேர்வைகளை உருவாக்குவது இதற்கொரு காரணம். புகைத்தலின் அளவுக்கு இது ஆபத்தானதன்று. ஆயினும் நாள்தோறும் உண்பது கேடே. இறைச்சியும் சொசேஜும் சேர்ந்து வாரத்துக்கு 300 கிராமுக்கு மேற்படலாகாது என ஜேர்மன் போசாக்குச் சங்கம் 2024இல் கூறியது.

மாற்று உணவு நம் அடுக்களையிலேயே உண்டு. பருப்பு, கடலை, கீரை, குரக்கன் ஆகியவற்றின் நார்ப்பொருள் குடலைக் காக்கிறது. ஐசன்பான் வீதியின் வெளிநாட்டவர் கடைகளில் பருப்பும் மரக்கறியும் வாங்கலாம். புகையையும் மதுவையும் விலக்கி, நாள்தோறும் நடப்பதும் அவசியம்.

50 வயதை எட்டிய ஆண், பெண் இருபாலாருக்கும் கொலோனொஸ்கோபிப் பரிசோதனைச் செலவைச் சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. புகலிட விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர் சமூகநல அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்தறிக. தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் நோவதில்லை. மலத்தில் இரத்தம் கண்டால், வயதைப் பாராது உடனே வைத்தியரை நாடுவோம்.