உங்களுக்குத் தெரியுமா? – கால் கழுவிக் கற்ற வைத்தியம்

■ அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வீடற்றவர்களுக்கான மருத்துவத் திட்டம் 1985-இல் தொடங்கியது. அதில் சேர்ந்த இளம் டாக்டர் ஜிம் ஓகானலை, ‘பைன் ஸ்ட்ரீட் இன்’ காப்பகத்தின் நர்ஸ் பார்பரா மெக்கின்னிஸ் முதலில் செய்யச் சொன்னது, நோயாளிகளின் கால்களைக் கழுவுவதைத்தான்!

■ காரணம் உண்டு. நாளெல்லாம் நடை, ஈரம் காயாத சாக்ஸ், இரவிலும் கழற்றாத ஷூ. கடுங்குளிரில் கால்விரல்கள் மரத்துக் கறுத்துவிடும். சர்க்கரை நோயாளிக்குச் சிறு கொப்புளமே காலை எடுக்கும் அளவுக்கு முற்றலாம்.

■ வெதுவெதுப்பான நீரில் கால் ஊறும்போது பேச்சு வளரும். டாக்டர் என்றாலே விலகிப்போனவர்கள்கூட மெல்ல மற்ற உபாதைகளையும் சொல்வார்கள்.

■ ஆஸ்பத்திரியில் தங்கவைக்கும் அளவுக்கு நோய் இல்லை. ஆனால் நடைபாதையில் படுத்தால் குணமாகாது. இப்படிப்பட்டவர்கள் தங்கித் தேற, அந்த நர்ஸின் பெயரிலேயே 100-க்கும் மேற்பட்ட படுக்கைகளுடன் ஓர் இல்லம் இயங்குகிறது.

■ இரவில் வேனில் தெருத்தெருவாகச் சென்று சூப்பும் போர்வையும் கொடுப்பவர்களோடு டாக்டர் ஓகானலும் போனதுண்டு.

■ இன்சுலின் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? அதை வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும். அதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும். வீடும் மருந்துதான்!