மல்லிகைக் குச்சிக் கன்றுகளுக்குப் புதிய எரு: முதலில் 60 பைகளில் சோதியுங்கள்

மல்லிகைக் குச்சிகளைப் பாலிதீன் பைகளில் நட்டு, வேர்விட்டபின் கன்றாக விற்பது இராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பகுதியில் பல குடும்பங்களின் பிழைப்பு. மதுரை வட்டாரத் தோட்டங்களுக்கும் அங்கிருந்து கன்றுகள் செல்கின்றன. கன்று வளர்ப்போரிடம் புதுப்புது அங்கக உரங்கள் டப்பாவிலும் மூட்டையிலும் வந்து சேருகின்றன. "இயற்கை எருதானே, என்ன செய்துவிடும்?" என்று எல்லாப் பைகளுக்கும் ஒரே நாளில் இட்டுவிடுவோர் உண்டு. கன்றுகள் கருகினால் ஒரு பருவத்து உழைப்பு போயிற்று. நன்கு தழைத்தாலும், அது எருவினாலா, இடையில் பெய்த மழையினாலா என்று சொல்ல வழியிருக்காது. அடுத்த ஆண்டும் காசு கொடுத்து அதையே வாங்க நேரிடும்.

இயற்கை எருவும் இளவேரைச் சுடும். பச்சைச் சாணம், மட்காத கோழி எரு இவற்றிலிருந்து அம்மோனியா வெளிப்படும், உப்பும் அதிகம். வயல் மண் இதைத் தாங்கிக்கொள்ளும். சிறு பைக்குள் இருக்கும் வேருக்கோ விலகிச் செல்ல இடமில்லை. கடலைப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 7 சதம் தழைச்சத்து உள்ளது. நல்ல சத்துதான், ஆனால் பையில் அள்ளிப் போட்டால் அது புளிக்கும்போது வேர் அழுகும். மட்காத தென்னை நார்க்கழிவின் தொல்லை வேறு விதமானது. அதில் தழைச்சத்து 1 பங்கு என்றால் கரிச்சத்து 100 பங்குக்கும் மேல். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பை மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். எரு இட்ட பிறகு கன்று வெளுப்பது இதனால்தான்.

எரு மட்கியதா என்று அறிய முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி இருந்தால் ஒதுக்கி வைக்கலாம். நெடி இல்லையெனில், எரு கலந்த மண்ணில் 20 பச்சைப்பயறும் வெறும் மண்ணில் 20 பச்சைப்பயறும் விதைத்து ஒரு வாரம் பார்க்கலாம். எரு மண்ணில் முளைப்பு குறைந்தாலோ, முளைவேர் பழுத்தாலோ அந்த எரு கன்றுக்கு ஆகாது.

இதில் தேறிய எருவைக் கன்றுகளில் சோதிக்கலாம். ஒரே தாய்ச்செடியின் குச்சிகள் யாவும் குணத்தில் ஒன்றே. விதைக் கன்றுகளில் இல்லாத வசதி இது. கன்றுக்குக் கன்று தோன்றும் வேறுபாட்டைப் பிறவிக் குணத்தின் மேல் போட முடியாது. ஒரே செடியில் போதிய குச்சி கிடைக்காவிட்டால், ஒவ்வொரு தாய்ச்செடியின் குச்சிகளையும் மூன்று குழுவிலும் சமமாகப் பிரிக்க வேண்டும். வேர்விட்ட குச்சிகளையே எடுக்கவும். தளிர் விட்டதை மட்டும் நம்பக்கூடாது. குச்சி தன் தண்டிலுள்ள உணவைக்கொண்டே முதல் தளிரை விட்டுவிடும். மெல்ல இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும்.

60 பைகளில் 20க்குச் சொல்லப்பட்ட அளவு, 20க்கு அதில் பாதி, மீதி 20க்கு எதுவும் இல்லை. எருவைக் கரைத்து ஊற்றினால், எரு இடாத பைகளுக்கும் அதே அளவு வெறும் நீரை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் நீரின் பலன் எருவின் கணக்கில் சேர்ந்துவிடும். பைகளைச் சீட்டுக் குலுக்கிக் கலந்து வைப்பது நல்லது. நிழல் பக்கம் ஒரு குழு, வெயில் பக்கம் ஒரு குழு என்றிருந்தால் சோதனையே வீண். "எதுவும் இடாத 20 கன்றுகளைப் பட்டினி போடுவதா?" என்று சிலர் தயங்குவர். கோவையில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான எரு ஆய்வு வயலிலும் எரு இடாத பாத்தி ஒன்று உண்டு. மற்றப் பாத்திகளின் விளைச்சலை அளக்க அதுதான் படி.

பைகளில் குழுவுக்கொரு நிறத்தில் பொட்டு வைத்து, நிறத்தின் பொருள் அறியாத ஒருவரை விட்டுப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புது இலை ஜோடிகளை எண்ணச் சொல்லவும். காசு கொடுத்து வாங்கியவரின் கண்ணுக்கு எரு இட்ட கன்று சற்றுப் பச்சையாகவே தெரியும்! 45 நாளில் குழுவுக்கு 5 கன்றுகளைப் பிரித்து வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். வெண்மையான நுனிவேர்கள் மிகுந்திருப்பது நன்று. மேலே இலை செழித்து, கீழே வேர் பழுப்பேறியிருந்தால் அக்கன்று நட்டபின் நிற்பது கடினம்.

இடையில் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளிக்கலாம். மூன்று குழுவுக்கும் ஒன்றுபோலத் தெளிக்க வேண்டும். முடிவில் பாதி அளவும் முழு அளவும் ஒரே பலனைக் காட்டினால், மற்றப் பைகளுக்குப் பாதி அளவுக்கு மட்டும் எரு வாங்கினால் போதும்.