கொள்வோன் கைத் தராசு

சந்தைக்குச் சென்று மரக்கறி வாங்குதற்கும் ஒருவர் சம்பளம் பெறுவரோ என நகைப்பார் உளர். பெறுகின்றனர். என்னிடம் பால பண்டிதத் தேர்வுக்குப் பயின்ற மாணாக்கர் ஒருவர் மாலைதீவிலே உல்லாச விடுதியொன்றின் கொள்வனவு அலுவலராயிருக்கின்றார். அவர் செய்வது வாங்குதல் என்று ஒரு சொல்லிற் கூறிவிடலாம். ஆயினும் அவருடைய கடிதங்களைப் படித்தபின் அச்சொல் அத்தொழிலுக்குப் போதாதென்றே எனக்குத் தோன்றுகின்றது.

மாலைதீவு ஏறக்குறைய 1190 பவளத் தீவுகளின் கூட்டம். 1972 ஆம் ஆண்டிலே முதலாவது உல்லாச விடுதி குரும்பா என்னும் பெயரோடு அங்குத் தோன்றிற்று. அந்நாட்டு மொழியில் அச்சொல் இளநீர்க் காயைக் குறிக்கும். நம் குரும்பையோடு ஒப்பிட்டு மகிழ விரும்புவோர் மகிழலாம். மீனும் தேங்காயும் ஒழிந்த உணவுப்பொருள்களிற் பெரும்பாலன பிறநாடுகளிலிருந்தே அங்கு வரவேண்டும். நம் சம்பலுக்கு நெடுங்காலமாக மாசி தந்த தீவுகளுக்கு இன்று நம் மலைநாட்டுக் கரட்டும் லீக்சும் விமானமேறிச் செல்கின்றன.

தலைமைச் சமையற்காரர் வேண்டுவதை எழுதித் தருவார். களஞ்சியத்தின் இருப்பைப் பார்த்து, வழங்குநர் மூவரிடம் விலை கேட்டு, கட்டளை அனுப்புதல் எளிய பகுதி. பொருள் வந்திறங்கும் நேரமே சோதனை நேரம். மாலே நகருக்கு அண்மையிலுள்ள விமான நிலையத்திலிருந்து சரக்கு படகேறித் தீவுக்கு வரும். கடல் கொந்தளித்தாற் படகு வாராது. விருந்தினரோ காலையுணவுக்கு வந்துவிடுவர். ஆதலின் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இருப்பை முன்கூட்டியே பெருக்க வேண்டும். மிகப் பெருக்கினாற் சலாது இலை அழுகும். மீனைப் பனிக்கட்டி நீக்கி நிறுக்க வேண்டும். இல்லையேல் நீரை மீன் விலைக்கு வாங்கியதாகும். இறைச்சியின் குளிர்நிலையை வெப்பமானி கொண்டு பார்க்க வேண்டும். கட்டளையும் நிறுத்த எடையும் விலைப்பட்டியலும் தம்முள் ஒத்தாலன்றிக் கணக்காளர் பணம் விடார்.

நம் ஊர்க் கடையிலே தராசு விற்பவன் கையிலிருக்கும். அங்கே அது கொள்வோன் கையிலிருக்கின்றது. இடரும் அங்கேதான் தொடங்குகின்றது. எடையைக் கண்டும் காணாமலும் விட்டால், ஒவ்வொரு பட்டியலுக்கும் நூற்றுக்கு ஐந்து வீதம் யாழ்ப்பாணத்திலுள்ள மனைவியின் கணக்கிற் சேரும் என்றாராம் வழங்குநர் ஒருவர். அதற்கு அவர் இட்ட பெயர் தரகு. தரகு என்பது விற்போனும் கொள்வோனும் அறியக் கொடுக்கப்படுவது. ஒருவர் அறியாது மறைவிற் கொடுப்பது கையூட்டு. இவ்வேறுபாட்டை என் மாணாக்கர் அறியாதவரல்லர். பட்டினப்பாலை புகார் வணிகரைப் புகழுமிடத்து, விற்கும் நேர்மையோடு வாங்கும் நேர்மையையும் சேர்த்தே எண்ணியிருப்பதும் அவர் கற்றதுதான்.

அவர் மறுத்துவிட்டார். மறுநாள் தொட்டு, சமையலறையிலிருந்து ஒருவரும் களஞ்சியத்திலிருந்து ஒருவரும் உடன் நின்றாலன்றிப் பெட்டி திறக்கப்படுவதில்லை. எடைச்சீட்டில் மூவரும் ஒப்பமிடுவர். வழங்குநரோ, இவர் வேண்டுமென்றே சரக்கைத் தாமதப்படுத்துகின்றார் என மேலாளரிடம் முறையிட்டிருக்கின்றார். மேலாளர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் இவருடைய இரண்டாண்டு ஒப்பந்தம் முடிகின்றது. ஊரிலே கட்டத் தொடங்கிய வீட்டுக்குக் கூரை போட்டாகவில்லை. ஓடு என்ன விலையென விசாரித்து எழுதும்படி என்னைக் கேட்டிருக்கின்றார். மறவாது மூன்று கடைகளில் விசாரிக்க வேண்டுமாம்.