லைனில் சேர்ந்தவர் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆவது எப்போது?

2025 பிப்ரவரியில் அக்சென்சர், 2017-ல் தானே வைத்துக்கொண்ட டைவர்சிட்டி இலக்குகளைக் கைவிட்டது. அதே மாதம் கூகுளும் ஆள் எடுப்பதில் வைத்திருந்த இலக்கை விட்டது. ஜனவரியில் ட்ரம்ப் பதவியேற்றதும் போட்ட உத்தரவுகளின் எதிரொலி. எலக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் பஸ் ஏறும் எங்கள் ஆட்களுக்கு இது ஒரு நாள் வாட்ஸ்அப் செய்தி. அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம், ஓசூர் ஃபேக்டரிகளில் லைனில் நிற்கும் பெண்களுக்கு இதனால் என்ன குறையும்? அதைவிட, குறைவதற்கு முதலில் என்ன இருந்தது? கொஞ்ச நாளாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

2021 செப்டம்பரில் ஓலா எலெக்ட்ரிக், போச்சம்பள்ளி ஆலையைப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேர் வரை எடுப்போம் என்று அறிவித்தது. 2023-ல் அசோக் லேலண்ட் ஓசூரில் பெண்கள் மட்டுமே வேலை பார்க்கும் ஒரு உற்பத்தி லைனைத் திறந்தது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் இவை கேட்டில் தலை எண்ணிய கணக்குகள். உள்ளே போனவர் ஐந்து வருஷம் கழித்து எந்தப் படியில் நிற்கிறார் என்று யாரும் ரிப்பன் வெட்டிச் சொல்வதில்லை.

என் அக்கா மகள் டிப்ளமோ முடித்தவள். ஒரு உதிரிபாக கம்பெனியில் நாலு வருஷம் ஆகிறது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் இன்று ஷிஃப்ட் இன்சார்ஜ். "நீ நைட் பாக்க மாட்டியேம்மா" என்று காரணம் சொன்னார்களாம். "நான் எப்ப மாமா முடியாதுன்னு சொன்னேன்?" என்று என்னைக் கேட்டாள்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. மூன்று ஷிஃப்ட்டும் சுற்றி வராதவரை இன்சார்ஜ் ஆக்க மாட்டார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவு, ஆலையில் பெண்களின் வேலை நேரத்தைக் காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் நடுவில் அடக்கியிருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் போட்ட வேலி, பதவி உயர்வுக்கும் வேலி ஆனது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் அந்தத் தடை செல்லாது என்றது. கூடவே நிபந்தனைகளும் போட்டது. வண்டி வசதி, ஓய்வறை, பெண்களைக் குழுவாகவே பணியில் அமர்த்துவது. இவற்றோடு இன்னொன்று: இரவு ஷிஃப்ட்டில் சூப்பர்வைசர், இன்சார்ஜ், ஃபோர்மேன்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். எந்த ஹெச்.ஆர். பவர்பாயிண்ட்டிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் பெண்ணின் சம்மதத்தோடு இரவுப் பணியை அனுமதிக்கிறது. சம்மதம் என்றால் கேட்டிருக்க வேண்டும் இல்லையா? அவர்கள் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். 'மூன்று ஷிஃப்ட்டுக்கும் தயார், வண்டி வேண்டும், இன்சார்ஜ் பொறுப்புக்கு என்னையும் பரிசீலிக்கவும்' என்று மெயிலில் போடுங்கள். வாயால் சொன்னது அடுத்த மேனேஜர் வந்ததும் காற்றோடு போய்விடும்.

அடுத்த தடை படிப்பு. டிப்ளமோக்காரர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று வருஷம் உட்கார வீட்டில் வசதி இருக்க வேண்டுமே. பிளஸ் டூவோடு லைனுக்கு வந்தவருக்கு அந்தக் கதவும் கிடையாது.

கம்பெனி பங்குச்சந்தையில் இருந்தால் ஒரு நல்ல ஆயுதம் உண்டு. முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் கட்டாயம். அது ஆண்டறிக்கையோடு வரும். அதில் தொழிலாளர்களில் பெண்கள் எத்தனை சதவீதம், ஊழியர்களில் எத்தனை, இயக்குநர் குழுவில் எத்தனை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். படிக்கட்டு எங்கே உடைகிறது என்று தெரியும். திறன் பயிற்சியும் வருடாந்திர மதிப்பீடும் ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்றும் அதிலேயே உண்டு. டைவர்சிட்டி ஆபீசரை வீட்டுக்கு அனுப்பினாலும் இந்த அட்டவணையை நிரப்பித்தான் ஆக வேண்டும். சிப்காட்டின் சின்ன வெண்டார்களுக்கு இது பொருந்தாது. அக்கா மகளின் கம்பெனியும் அந்த ரகம்தான்.

அதே அறிக்கையில் சாதிக்குக் கட்டமே இல்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடும் இல்லை. 2006-ல் பிரதமர் மன்மோகன் சிங் தொழிலதிபர்களைக் கேட்டுக்கொண்டதில் வந்தது தன்னார்வ நடத்தை விதிகள் மட்டுமே. 1000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-ல் இ.பி.டபிள்யூ. இதழில் வந்த கட்டுரைப்படி, பட்டியல் சாதி, பழங்குடியினர் இரண்டும் சேர்த்தே சுமார் 3.5 சதவீதம். இவர்களைப் பொறுத்தவரை ஆதரவு குறைகிறது என்று புலம்ப இடமே இல்லை. இருந்தால்தானே குறைய?

அதனால் ஓசூரில் சிலர் ஏணியையே விட்டுவிட்டு, சி.என்.சி. மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறார்கள். 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 1.5 கோடி. 6 சதவீத வட்டி மானியமும் கிடைக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். மெஷின் வந்துவிடும். ஆர்டர் தர வேண்டியது அதே பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். விளிம்புநிலை சப்ளையர்களுக்கு முன்னுரிமைக் கொள்கை உண்டா என்று பி.ஆர்.எஸ்.ஆரில் ஒரு கேள்வி இருக்கிறது. ஆனால் அது கட்டாயப் பகுதியில் இல்லை, விரும்பினால் நிரப்பலாம் என்ற பகுதியில் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் கம்பெனி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வெண்டார் மீட்டிங்குக்குப் போங்கள்.