அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றிரவு, சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். விளக்கை அணைத்துச் சற்று நேரம் ஆகியிருக்கும். "அப்பா, லைட் ஏன் இன்னும் எரியுது?" என்றாள் மகள். நிமிர்ந்து பார்த்தேன். எல்ஈடி பல்பு, சாம்பல் மூடிய கங்கு போல மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

மறுநாள் வயரிங் செய்த எலெக்ட்ரீஷியனைக் கேட்டேன். "எல்ஈடின்னா அப்படித்தான் சார், ஒண்ணும் பண்ணாது" என்றார். அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. சுவருக்குள் ஒரே பைப்பில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு வயர்கள், நடுவில் பிளாஸ்டிக் உறை. இந்த அமைப்பே ஒரு கெபாசிட்டர்தான். நொடிக்கு 50 சுற்று என்று திசை மாறும் நம் வீட்டு மின்சாரம், தொடாமலேயே ஒரு வயரிலிருந்து இன்னொன்றுக்குத் துளியளவு கசியும். பழைய 60 வாட் குண்டு பல்பு எரிய கால் ஆம்பியர் வேண்டும். இந்தக் கசிவு அதற்கு உறைக்கவே உறைக்காது. எல்ஈடி-க்கோ ஆம்பியரில் லட்சத்தில் சில பங்கு கிடைத்தாலே போதும், லேசாகக் கண் விழித்துவிடும். நல்ல வயரிங் உள்ள வீட்டிலும் இது நடக்கலாம்.

மீதிப் பாதி உண்மை சுவிட்ச் போர்டைக் கழற்றியபோது தெரிந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்றால் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இதுதான் நம் நாட்டு வழக்கம். சுவிட்ச் பேஸ் வயரைத்தான் துண்டிக்க வேண்டும். எங்கள் ஹால் சுவிட்சில் மாட்டியிருந்ததோ கறுப்பு வயர். தண்ணீர் வரும் குழாயை மூடாமல், போகும் சாக்கடையை அடைத்தது மாதிரி. ஓட்டம் நின்றுவிடும், ஆனால் தொட்டி நிரம்பியே இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் பல்பு ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி பல்பு மாற்றுகிறவர் அதை அறியமாட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதையும் நம்ப மனம் வரவில்லை. அனுபவமுள்ள இன்னொரு எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். அறுபதைத் தாண்டியவர். பையிலிருந்து அவர் எடுத்தது ஒரு ஹோல்டர், அதில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, இரண்டு துண்டு வயர். டெஸ்ட் லேம்ப். அடுப்படியில் பிரிட்ஜுக்கு வைத்த பிளக் பாயிண்டில், ஒரு முனையை வலப்பக்கத் துளையிலும் மறுமுனையை மேலே இருக்கும் பெரிய துளையிலும் வைத்தார். வலப்பக்கம் பேஸ், மேலே எர்த். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எர்த் நல்லா இருக்குல்ல அண்ணே?" என்றேன்.

"இல்ல தம்பி. இந்த வீட்டுல இது எரியவே கூடாது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள டிபி பாக்ஸைத் திறக்க வேண்டும். அதில் வரிசையாக இருக்கும் எம்சிபி-க்கள் வயரைக் காப்பவை. அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடி வயர் கருகாமல் பார்த்துக்கொள்வதே அவற்றின் வேலை. மனிதனைக் காப்பது, பக்கத்தில் 'டி' என்று பட்டன் வைத்த ஆர்சிசிபி. அதன் உள்ளே ஒரு சிறு காந்த வளையம். வீட்டுக்குள் போகும் பேஸும் திரும்பி வரும் நியூட்ரலும் அந்த வளையத்தின் நடுவே சேர்ந்து நுழைகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வளையம் சும்மா இருக்கும். போன கரண்டில் கொஞ்சம் திரும்பி வராமல் வேறு வழியாக, அதாவது ஓர் ஆளின் உடம்பு வழியாகவோ எர்த் வழியாகவோ மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும். 9 வாட் பல்பு எடுக்கும் கரண்டைவிடக் குறைவான அளவு அது.

அந்தச் சிறு அளவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், எவ்வளவு கரண்ட் பாய்ந்தால் பிடித்த கையை விட முடியாமல் போகும் என்று தன்னார்வலர்களை வைத்து அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் அளவில் கை இறுகிவிடுகிறது. பெண்களுக்கு இன்னும் குறைவிலேயே. பிறகு 1961-இல், இதே கொள்கையில் இயங்கும் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார்.

இப்போது டெஸ்ட் லேம்புக்கு வருவோம். 60 வாட் பல்பு எடுப்பது சுமார் 260 மில்லி ஆம்பியர். அது உண்மையாகவே எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போயிருந்தால், பல்பு எரிய நேரமே இருந்திருக்காது, ஆர்சிசிபி விழுந்திருக்கும். 'டி' பட்டனை அழுத்திப் பார்த்தோம், ஆர்சிசிபி நன்றாகவே வேலை செய்தது. அப்படியானால் கரண்ட் மண்ணுக்குப் போகவில்லை. பெரியவர் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். எர்த் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் நடுவே, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்பு வயர்த் துண்டு. எர்த் வயர் இழுக்காமல் விட்டதை மறைக்க, நியூட்ரலையே எர்த்தாகக் காட்டியிருந்தார்கள்.

இதை நான் மோசடி என்றுதான் சொல்வேன். எப்போதாவது அந்த நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால், பிரிட்ஜின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும். ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கிறவர் கதி என்ன ஆவது?

படுக்கை அறையில் அதே சோதனை. பல்பு எரியவும் இல்லை, ஆர்சிசிபி விழவும் இல்லை. திறந்தால், பச்சை வயர் சுருட்டி மடக்கிப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டிருந்தது. ஒரே பல்பு மூன்று பதில் சொல்லும்: டிரிப் ஆனால் எர்த் வழி இருக்கிறது; எரிந்தால் எர்த் போலி, அல்லது ஆர்சிசிபி பாதுகாப்பு அங்கே இல்லை; இரண்டும் இல்லையென்றால் எர்த்தே இல்லை.

"கரி, உப்பு எல்லாம் போட்டு எர்த் குழி எடுத்தாச்சு, அப்புறம் ஆர்சிசிபி எதுக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் வயர் ஹீட்டரின் உடம்பில் பட்டால், மண்ணுக்கு ஓடுவது 230 வகுத்தல் 20, அதாவது பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்றே எண்ணும், விழாது. ஹீட்டர் உடம்பில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மண்ணும் குழியும் மட்டும் போதாது என்பது இந்த எளிய வகுத்தலில் இருக்கிறது.

குளியலறை ஹீட்டர் பாயிண்டில் எர்த் சரியாக இருந்தது. ஆனால் சாக்கெட்டின் ஒரு ஓரம் லேசாகப் பழுப்பேறி, கருகிய வாசனை. நான்கு நாள்தான் பயன்படுத்தியிருந்தோம். ஸ்குரூ முழுதாக முறுக்கப்படவில்லை. 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அந்தத் தளர்ந்த இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே, சுமார் 8 வாட் சூடு அங்கே பிறக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் கிட்டத்தட்ட 13 மீட்டர் நீளத்துக்குப் பரவ வேண்டிய சூடு, இங்கே ஒரு பயறளவு புள்ளியில். சூட்டில் செம்பு களிம்பேறும். களிம்பு தடையைக் கூட்டும். கூடிய தடை மேலும் சூட்டைத் தரும். இதை எம்சிபி-யும் அறியாது, ஆர்சிசிபி-யும் அறியாது. மூக்கும் உள்ளங்கையும்தான் அறியும். ஹீட்டர் ஓடி அணைத்த பிறகு சுவிட்ச் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அன்றே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது வீட்டில் எல்லாம் எரியும், எல்லாம் சுழலும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. வயரிங் சரியா என்பது எரிவதில் தெரியாது. அணைய வேண்டிய நேரத்தில் அணைகிறதா என்பதில்தான் தெரியும். ஆகவே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், உரிமம் பெற்ற ஓர் எலெக்ட்ரீஷியனை, வயரிங் செய்தவர் அல்லாத வேறொருவரை, டெஸ்ட் லேம்போடு வரச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷனையும், எர்த் டெஸ்டர் வைத்துக் குழியின் தடையையும் அளக்கச் சொல்லுங்கள். நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். பக்கத்தில் நின்று எண்ணினால் போதும். வீட்டில் 20 பிளக் பாயிண்ட் இருந்தால், ஆர்சிசிபி 20 முறை விழ வேண்டும்.