அந்தரத்தில் நிற்கும் ஒரு சொல்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வட்டக்கானல் வழியாக இறங்கி, 'டால்பின் மூக்கு' பாறையைப் பார்க்கத் தவறுவதில்லை. தட்டையான பாறை, அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே பாதாளம்! அந்த விளிம்பில் நின்று படம் பிடித்துக்கொள்ளும் வாலிபனின் நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. 'பிரிக்கேரியஸ்' என்பது அது. எந்த நேரமும் தவறிப் போகக்கூடிய நிலை என்று பொருள்.

ஆனால், இந்தச் சொல் மலை உச்சியில் பிறந்தது அல்ல. ரோமாபுரியின் லத்தீன் மொழியில், வேண்டுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கெஞ்சிப் பெற்றது என்பதே அதன் முதல் பொருள்.

ரோமர் சட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் வந்து வேண்டிக்கொண்டால், அவரை நிலத்தை அனுபவிக்க விடுவார்கள். குத்தகை கிடையாது, தவணையும் கிடையாது. உடையவர் "போ" என்றால் போய்விட வேண்டியதுதான்! 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் 'பிறர் தயவில் இருப்பது' என்ற பொருளே இருந்தது. பிறர் தயவு எத்தனை நாளைக்கு? ஆகவே 'நிச்சயமில்லாதது' என்றும், பிறகு 'ஆபத்தானது' என்றும் பொருள் விரிந்தது. பிரார்த்தனையைக் குறிக்கும் 'பிரேயர்' இதற்கு உடன்பிறப்பு.

கால் ஆடுகிற நாற்காலியை இப்படிச் சொல்வது அவ்வளவாகப் பொருந்தாது. அதன்மேல் ஏறிப் பரணில் பானை எடுக்கிறாரே, அவர் நிலைக்குத்தான் பொருந்தும். இன்று வேலை உண்டு, நாளை தெரியாது என்று இருப்பவரின் பிழைப்பையும் இப்படிச் சொல்வார்கள்.

பழைய பொருளும் கொடைக்கானலுக்குப் புதிதல்ல. மோட்டார் சாலை வருமுன், பெரியகுளம் பக்கத்து நடைபாதைகளில்தான் வெள்ளைக்காரர்கள் மலை ஏறினார்கள். பலர் கூலியாட்களின் தோளில், நாற்காலியில் அமர்ந்து போனார்கள். சுமப்பவர் கால் வழுக்கினால் துரையின் கதி என்ன?

துரைகளுக்குச் சாலை வந்துவிட்டது. டால்பின் மூக்கைத் தாண்டிக் கீழே இறங்கினால் வருகிற வெள்ளகவி கிராமத்துக்கோ நெடுங்காலம் வரவில்லை. ஊர் மக்கள் சாலை கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள். நோயாளிகளை டோலி கட்டி, அதே மலைப்பாதையில் நாலு பேர் தோளில் சுமந்து வந்தார்கள்.