மலைச் சரிவு மண்ணும் ஆலங்குளத்துக் கரிசலும்

ஆலங்குளம் என்றதும் நேயர்களிற் பலர் தென்காசிப் பக்கத்து ஊரை நினைத்துக்கொள்ளக் கூடும். நாம் சொல்லும் ஆலங்குளம் வேறு. இது விருதுநகர் ஜில்லாவில், ராஜபாளையத்துக்குக் கிழக்கே உள்ளது. பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் நிறைந்த இடம். அதனாலேயே 1970-ஆம் ஆண்டில் இங்கே சர்க்கார் சிமெண்டு ஆலை ஏற்பட்டது. இங்கிருந்து மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவர்போல் எழுந்து நிற்பது தெரியும். மலைக்கும் இவ்வூருக்கும் இடையே உள்ளது மாட்டு வண்டி ஒரு பகலில் கடந்துவிடும் தூரமே. ஆனால் அந்தத் தூரத்துக்குள் மண் அடியோடு வேறாகிவிடுகிறது. மலைச் சரிவில் கல்லும் சரளையும் கலந்த செம்மண். அடிவாரத்தில் மாவும் தென்னையும் தழைக்கும் ஆழமான செவல். அதற்குக் கிழக்கே செவலும் கரிசலும் மாறி மாறி வந்து, பிறகு கோடையில் பாதம் நுழையும்படி வெடித்துக் கிடக்கும் கரிசற்காடு.

நம் முன்னோர் இந்த வேற்றுமையை நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு ஊர்ப் பெயர்களே சாட்சி. செவல்பட்டி என்றும் கரிசல்குளம் என்றும் மண்ணின் நிறத்தைக் கொண்டே ஊருக்குப் பெயர் வைத்தார்கள். 2022-ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடந்து பெயர் பெற்ற வெம்பக்கோட்டை மேடு இருப்பதும் விஜயகரிசல்குளம் என்னும் கிராமத்திலேதான். ஆனால் செவலையும் கரிசலையும் இருவேறு ஜாதி மண் என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். இரண்டும் ஒரே நீரின் இரண்டு வேலைகள் என்பதும், மேலே உள்ளதற்கு நேரும் கேடு கீழே உள்ளதைப் பாதிக்கும் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை.

முதலில் மலைச் சரிவுக்குப் போவோம். நூறு அடி நடந்தால் முப்பது அடி ஏறவேண்டிய சரிவில் மண் தங்குவதே அதிசயம். பாறை உதிர்ந்து மண்ணாவதற்குப் பல நூற்றாண்டுகள் செல்லும். அதை அடித்துக்கொண்டு போக ஓர் ஐப்பசி மழை போதும். ஆகையால் செங்குத்தான இடங்களில் பெரும்பாலும் ஒரு சாண் தோண்டுவதற்குள் கடப்பாறை பாறையில் மோதும். இருந்தும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கத்திலோ ராஜபாளையத்து மலையிலோ ஓடைக்கரையின் அரிப்பைக் கவனித்தால், சில இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாக மண் நிற்பதைக் காணலாம்.

இதற்குக் காரணங்கள் உண்டு. மேலே உடைந்த பாறையும் கப்பியும் மண்ணும் தம் பாரத்தாலேயே நழுவி, சரிவு சற்றுத் தளரும் இடங்களிலும் மடிப்புக்களிலும் வந்து குவிகின்றன. ஆறு கொண்டுவந்த வண்டல்போல் இது சலித்தெடுத்த மண் அன்று. பாறாங்கல் முதல் நுண்பொடி வரை எல்லாம் கலந்து கிடக்கும். இன்னொன்று, மலையின் கருங்கல்லில் உள்ள வெடிப்புக்கள். அவற்றின் வழியே நீரும் வேரும் இறங்கிப் பாறையை உள்ளிருந்தே இளக்கிவிடுகின்றன. மூன்றாவது காரணமே முக்கியமானது: காடு. இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. சருகு அதைப் பஞ்சுபோல் ஏற்கிறது. வேர்கள் மண்ணைத் தைத்து வைக்கின்றன. காடு இல்லையேல் மற்ற இரண்டும் செய்த வேலை வீணே.

இப்படிக் குவிந்த மண்ணை நிபுணர்கள் “ஆழமானது, நீர் நன்கு வடிவது” என்று வகைப்படுத்துவார்கள். ஆழம் என்பது விளங்குகிறது. பாறை தட்டாமல் ஒரு மீட்டருக்கு மேல் வேர் இறங்கலாம். நீர் வடிவது என்பதைப்பற்றித்தான் ஒரு தப்பெண்ணம் உண்டு. தண்ணீர் மேற்பரப்பில் ஓடிப் போய்விடுவதை வடிகால் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. மண்ணுக்குள் புகுந்து, கல்லுக்கும் மணலுக்கும் இடையே உள்ள கண்களின் வழியே கீழிறங்கி, தன் பின்னே காற்றுக்கு இடம் விட்டுச் செல்வதே நல்ல வடிகால். மேலே வழிந்தோடுகிற நீர் மண்ணைத் திருடுகிறது. உள்ளே இறங்குகிற நீர் அடிவாரத்துக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது.

இதை அறிய யந்திரம் எதுவும் வேண்டாம். மண்ணின் நிறமே சொல்லும். காற்று புகும் மண்ணில் உள்ள இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. ஈரம் நீடித்தால் மஞ்சளாகும். நீர் தேங்கிக் காற்றே புகாவிட்டால் சாம்பல் நிறம் பாயும். நம் சரிவு மண்ணில் மேலே ஒரு சாண் அளவு சருகு மக்கிய கருமை. அதன்கீழ் பாறைவரை ஒரே சிவப்பு. கிணறு தோண்டும் இடத்தில் நின்று சுவரைப் பார்க்கத் தெரிந்தவர்க்கு அது புத்தகத்தைப் படிப்பதுபோலத்தான்.

இனி மழைக்கு வருவோம். மலையின் மேற்குப் புறத்தில், கேரளத்து இடுக்கிச் சீமையில், ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. கிழக்கே, மலையின் மறைவில் உள்ள நம் பக்கத்துச் சமவெளிக்குக் கிடைப்பது சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகை மாதங்களில், எண்ணிச் சொல்லக்கூடிய சில நாட்களில் வந்துவிடும். வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய நீரோ பெய்வதைப்போல் இருமடங்கு. ஆகவே ஆண்டில் பெரும்பகுதி இந்தச் சரிவுகள் தாகத்திலேயே இருக்கின்றன. ஆழமற்ற மண்ணில் நிற்கும் புல் மாசியிலேயே கருகிவிடும். ஆழமான மண்ணில் வேரோடிய மரமோ, ஐப்பசியில் இறங்கிய ஈரத்தைப் பங்குனி, சித்திரையிலும் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஓடைக்கரையோரம் மாவும் மருதும் கிளையோடு கிளை கோத்து நிற்பது இதனாலேதான். அந்தக் கிளைகளின் வழியே தரையிறங்காமல் ஓடித்திரியும் சாம்பல் அணிலைக் காப்பதற்காக 1988-இல் இங்கே சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. அணிலுக்கும் புலிக்கும் சட்டம் உண்டு. அவை நிற்கும் மண்ணுக்கென்று யாரும் பலகை நட்டு வைப்பதில்லை.

சரிவில் இறங்கிய நீர் வெறுங்கையோடு கீழே வருவதில்லை. சுண்ணாம்பு முதலிய உப்புக்களைக் கரைத்துக்கொள்கிறது. மிக நுண்ணிய களியையும் கொஞ்சங் கொஞ்சமாகக் கொண்டுவருகிறது. நிலம் மட்டமாகி நீர் வடிய வழியற்ற இடத்தில் இவை தங்கிவிடுகின்றன. அங்கே நீரை உறிஞ்சிப் பருத்து, காய்ந்தால் சுருங்கும் ஒருவகைக் களி உருவாகிறது. அதுதான் கரிசல். ஆலங்குளத்தைச் சுற்றி அடிப்பாறையே சுண்ணாம்பாக இருப்பதால் இந்த வேலை இன்னும் எளிதாகிறது. மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிமண்ணும் ஒரே கோவையில் அமைவதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த ஜெஃப்ரி மில்ன் என்னும் ஆங்கிலேயர், 1935-இல் இதற்குச் சங்கிலி என்று பொருள்படும் லத்தீன் சொல்லைப் பெயராக வைத்தார். நல்ல பெயர்தான். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் மற்றக் கண்ணிகளுக்கும் வேலை இல்லை.

கரிசலைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அது கறுப்பாயிருப்பதால் மக்கு நிறைந்தது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதில் மக்கு நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று பாடப் புத்தகங்கள் சொல்வது தக்காணத்துக்குப் பொருந்தும். நம் சீமைக் கரிசலுக்குப் பொருந்தாது. பருத்தியைப் பெற்று இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டது இம்மண். அதன் பொருட்டே 1901-இல் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் மக்களைக் கதைகளில் நடமாட விட்ட கி. ராஜநாராயணன் பிறந்த ஊரின் பெயர் மட்டும் இடைசெவல்!

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அடிவாரத்துச் செவலையும் ஆலங்குளத்துக் கரிசலையும் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் இட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தார்கள். செவற் புட்டியில் சரளையும் மணலும் ஒரு நிமிஷத்தில் அடியில் அமர்ந்தன. மாலைக்குள் நீர் தெளிந்துவிட்டது. கரிசற் புட்டி மறுநாட் காலையிலும் கலங்கலாகவே இருந்தது. பிறகு இரண்டு மண்ணிலும் சிறிது திராவகம் விட்டோம். செவல் சும்மா இருந்தது. கரிசலோ சோடாப்போல் நுரைத்துப் பொங்கிற்று. சுண்ணாம்பு எங்கே போயிற்று, எங்கே வந்து சேர்ந்தது என்பதற்கு அதைவிட வேறு விளக்கம் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கவில்லை. திராவகம் கிடைக்காத வீட்டில் எலுமிச்சம் பழச் சாற்றை விட்டுப் பார்க்கலாம். காதருகே வைத்தால் கரிசல் சிறிது முணுமுணுப்பது கேட்கும்.

ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் 1972-இல் ஏற்பட்ட சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில் செம்மண்ணும் கரிசலும் ஒரே வளாகத்துக்குள் அமைந்திருக்கின்றன. அங்கே அளந்து பார்த்ததில், நன்றாக நனைந்து ஊறிய பின் செம்மண்ணுக்குள் மணிக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் நீர் இறங்கியது; கரிசலில் கால் மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. இதன் பொருளை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்கவேண்டும். பெருமழையை உட்கொள்ளும் சக்தி சரிவுக்கும் அடிவாரத்துக்குமே உண்டு. கரிசல் வயிறு நிறைந்ததும் வாயை மூடிக்கொள்ளும். சரிவு தன் பங்கை விழுங்காவிட்டால் அத்தனை வெள்ளமும் கீழே ஓடி வரத்தான் செய்யும்.

இங்கேதான் கவலைக்கு இடம் இருக்கிறது. காட்டில் கோடைத் தீ பரவிச் சருகு எரிந்துபோனால், அடுத்த மழையின் முதல் துளி வெறும் மண்ணில் விழுகிறது. நுண்பொடி சிதறி மண்ணின் கண்களை அடைக்கிறது. மேலே மெல்லிய ஓடு படிகிறது. நன்றாக நீர் வடிந்த அதே மண் இப்பொழுது நீரை வெளியே தள்ளுகிறது. அடிவாரத்தில் சரிவின் போக்கிலேயே மேலும் கீழுமாக உழுதாலும் இதே கதிதான். ஒவ்வொரு உழவுசாலும் ஒரு வாய்க்கால் ஆகிவிடும். செவலை வெட்டி லாரியில் ஏற்றி வீட்டு மனைகளுக்கு நிரப்புவதையோ கேட்கவே வேண்டாம். ஆயிரம் ஆண்டுகள் சேர்ந்ததை ஒரு யந்திரம் ஒரு பகலில் அள்ளிவிடுகிறது. பாலை என்பது தனி நிலம் அன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்ததே என்று கருதினார் சிலப்பதிகார ஆசிரியர். மண் போன சரிவைப் பார்க்கும்போது அது வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

ஆழமான மண் சரிவில் இருப்பது ஆபத்து அல்லவா என்று கேட்கலாம். நீர் வடியாமல் தேங்கினால் ஆபத்துத்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் அடைமழையால் மலைச் சரிவுகள் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் வறண்ட சரிவுகளில் வேறு விதமான ஆபத்து அதிகம். திடீரென்று பெருகும் காட்டாறு. 2015 மே மாதத்தில் சதுரகிரிக்குச் சென்ற பக்தர்களில் சிலர் அப்படிப்பட்ட வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். மழையை ஒருவரும் நிறுத்த முடியாது. சரிவில் ஊறுவது எவ்வளவு, உருண்டோடுவது எவ்வளவு என்பதுமட்டும் ஓரளவு மனிதர் கையில் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் உள்ள தே. கல்லுப்பட்டியில், காந்திநிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பா, 1945-இல் வெளிவந்த தம் பொருளாதார நூலில் இயற்கைச் செல்வத்தை இருவகையாகப் பிரித்தார்: எடுக்க எடுக்க வந்துகொண்டிருப்பது ஒன்று, சேமிப்பாக இருந்து எடுக்க எடுக்கக் குறைவது மற்றொன்று. மலைச் சரிவின் மண்ணை எந்த வகையிற் சேர்ப்பது? பார்வைக்கு முதல் வகைபோல் இருக்கிறது. விளைச்சல் ஆண்டுதோறும் வருகிறது அல்லவா? கணக்குப் பார்த்தால் இரண்டாவது வகைதான்.

செய்யத்தக்கவை புதியவை அல்ல. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் வரப்பிடுவது. அதே போக்கில் உழுவது. வரப்பின்மேல் வெட்டிவேர் நடுவது. ஓடையில் கற்களை அடுக்கித் தடுப்பு வைப்பது. மாந்தோப்புக்காரர்கள் சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே விட்டுவைத்தால் அதுவே பெரும் உபகாரம். சுத்தமாயிருக்கவேண்டும் என்ற ஆசையால் தோப்பைப் பெருக்குகிறவர்கள், தெரியாமல் தங்கள் கிணற்றையே பெருக்கி எறிகிறார்கள்.

சரிவிலிருந்து வழிந்த மண்ணிற் பெரும்பகுதி கண்மாய்களில் வந்து படிகிறது. கண்மாய் மேடிட்டுப் போனால் தேங்கும் நீர் குறையும். ஆகையால் கோடையில் வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மறுபடி உயிர்பெற்ற பின் கண்மாய்களைத் தூர்வாரும் வேலை பல ஊர்களில் நடந்தது. செவற் காட்டில் அவ்வண்டலைப் பரப்பினால் ஈரம் நிற்கும். கரிசலிலும் சிலர் பரப்புவதுண்டு. மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்த பிறகு ஒரு நாளில் கண்மாயிலிருந்து ஏற்றப்படும் மண் பன்மடங்கு ஆகிவிட்டது. அவ்வளவும் போவது தாழ்ந்த வயல்களுக்கே. மலைச் சரிவுக்குத் திரும்ப ஏறும் வண்டியை இதுவரை யாரும் பார்த்ததில்லை.